இங்கிலாந்து கிராமங்களில் ஒரே எஸ்டேட் பல நூற்றாண்டுகள் ஒரே குடும்பப் பெயரில் இருந்தது எப்படி? வாரிசே இல்லாமல் போகவில்லையா?

போனது, பலமுறை. வாரிசு இல்லாவிட்டால் தூரத்து உறவினரைக் கூப்பிட்டு, பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லிச் சொத்தைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஹாம்ப்ஷயரில் உள்ள சாட்டன் கிராமத்தைப் பாருங்கள். அங்கே பண்ணை நைட் குடும்பத்துடையது. தாமஸ் பிராட்னாக்ஸ் என்பவர் ஒரு சொத்துக்காக 1727-இல் தன் குடும்பப் பெயரை 'மே' என்று மாற்றிக்கொண்டார். 1738-இல் சாட்டனுக்காக 'நைட்' ஆனார். இரண்டு முறையும் நாடாளுமன்றச் சட்டம் போட்டுத்தான்! அவர் மகனுக்குக் குழந்தை இல்லை. அதனால் அந்த மகன் உறவுக்காரப் பையன் எட்வர்ட் ஆஸ்டினைத் தத்தெடுத்தார். எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் அண்ணன்தான் இவர். வளர்ப்புத் தாய் இறந்த 1812-இல் இவரும் 'நைட்' ஆனார். அதற்குள் 1809-இலேயே அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் அந்த ஊரிலேயே ஒரு வீடு கொடுத்துவிட்டார்.

சும்மா விடுவார்களா பங்காளிகள்? 1814-இல் வழக்குப் போட்டார்கள். சுமார் 15,000 பவுண்டு கொடுத்துத்தான் சமாதானம் ஆனது. அதற்காகப் பண்ணைக் காட்டு மரங்களை வெட்டி விற்க வேண்டியிருந்தது.

பண்ணை கைமாறாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் பல பெரிய பண்ணைகளில் உடைமையாளருக்கு ஆயுள்கால அனுபவ உரிமை மட்டுமே இருந்தது. அவரால் விற்க முடியாது. மகனுக்கு 21 வயதானதும் அப்பாவும் மகனும் கையெழுத்திட்டு அதே கட்டுப்பாட்டை அடுத்த தலைமுறைக்கும் நீட்டித்தார்கள். மகன் ஏன் சம்மதித்தான் என்றால், கைச்செலவுக்கு உடனே பணம் கிடைக்குமே!