கார்ல ஊம்ம்னு சத்தம், டேம்பிங் ஷீட் வாங்கலாமா?

கேள்வி: நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், ஏழு வருஷம் ஓடியிருக்கு. 2000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்தற சுத்து) கிட்ட வந்தா உள்ள ஊம்ம்ம்னு காதை அடைக்குது, இன்னும் கொஞ்சம் மிதிச்சா போயிடுது. கதவு, தரை எல்லாம் டேம்பிங் ஷீட் (தகடு அதிராம இருக்க ஒட்டறது) ஒட்டச் சொல்றாங்க. ஒட்டலாமா சார்?

பதில்: இப்போதைக்கு வேண்டாங்க, ஒட்டினாலும் இந்தச் சத்தம் போகாது. மொதல்ல காலி ரோட்டுல அதே வேகத்துல கியரை மட்டும் மாத்திப் பாருங்க. சத்தம் மறைஞ்சா இன்ஜின் பக்கத்துக் கோளாறு, அப்படியே இருந்தா டயர் இல்லன்னா வீல் பேரிங் (பேரிங்னா வண்டி லேசா வளையும்போது கூடிக் குறையும்). நீங்க சொல்றதைப் பாத்தா இன்ஜின் பக்கம்தான்னு தோணுது, ஏன்னா நாலு சிலிண்டர் இன்ஜின்ல ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை பெட்ரோல் வெடிக்கும், 2000 ஆர்பிஎம்ல அது செகண்டுக்கு சுமார் 67 தடவை, அதாவது 67 ஹெர்ட்ஸ், உள்ள ரெண்டரை மீட்டர் நீளம் இருக்கிற கேபின்ல அடைபட்ட காத்தும் தானா அதிர்றது கிட்டத்தட்ட 68லதான், ரெண்டும் ஒண்ணு சேந்ததும் காதைப் போட்டு அமுக்குது. 67 ஹெர்ட்ஸ் அலையோட நீளமே 5 மீட்டர், சில மில்லிமீட்டர் ஷீட் அதை என்ன பண்ணும் சொல்லுங்க!

அதனால அதிர்வு பாடிக்கு எந்த வழியா ஏறுதுன்னு தேடணும். ஏழு வருஷத்துல இன்ஜினைத் தாங்கற மவுண்ட் ரப்பர் இறுகியோ வெடிச்சோ போயிருக்க வாய்ப்பு இருக்கு, மெக்கானிக்கை பாக்கச் சொல்லுங்க. அப்புறம் சைலன்சரைத் தொங்க விட்டிருக்கிற ரப்பர். என் வண்டிலயும் இதே ஊம்ம்தான், லிஃப்ட்ல ஏத்திப் பாத்தா ஒரு ரப்பர் பாதி கிழிஞ்சு பைப் பாடில உரசிட்டு இருந்துச்சு, பைப் பூரா துரு, உரசின இடம் மட்டும் விரல் நகம் அளவுக்கு பளபளன்னு தேஞ்சு கிடந்துச்சு. அந்த ஒரு ரப்பரை மாத்தினதும் சத்தம் போயிடுச்சு.

இதெல்லாம் சரி பண்ணியும் கதவு தகடு அதிர்ற சத்தம் இருந்தா அப்போ ஷீட் வாங்குங்க. தாரு ஷீட் வேண்டாம், வெயில்ல வாடை வரும், பியூட்டில் (ஒரு வகை ரப்பர்) ஷீட்டே வாங்குங்க. தகடு முழுக்க ஒட்டத் தேவையில்ல, நடுவுல கால்வாசி, அரைவாசி போதும், தட்டினா டங்னு கேட்டது டப்னு கேக்கும். கதவோட அடில தண்ணி வடியற ஓட்டையை மட்டும் மூடிடாதீங்க, உள்ள தண்ணி நின்னு துரு பிடிச்சிரும்.