தனி ஸ்டோரேஜ் பெட்டி வாங்காமல் பகிர் சேமிப்பகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: எங்கள் அலுவலகத்தில் 2 சர்வர்கள், 6 விஎம்கள் (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்). ஒரு சர்வர் படுத்தால் மற்றொன்று வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். சான் (எல்லா சர்வரும் பகிரும் தனி ஸ்டோரேஜ் பெட்டி) வாங்கும் நிலையில் இல்லை. சர்வருக்குள் இருக்கும் டிஸ்குகளையே பொதுவாக்கிக்கொள்ள முடியுமா?

முடியும். இரண்டு சர்வர்களின் டிஸ்குகளையும் ஒரு மென்பொருள் சேர்த்துக் கட்டி, இரண்டுக்கும் ஒரே வால்யூமாக, அதாவது ஒரே பெரிய டிஸ்காகக் காட்டும். விஎம் எழுதும் ஒவ்வொரு பிளாக்கும் இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்த பிறகுதான் ‘எழுதியாயிற்று’ என்ற பதில் வரும். விண்டோஸ் சர்வரில் இதற்கு ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்ட் இருக்கிறது. ஆனால் அது டேட்டாசென்டர் பதிப்பில் மட்டுமே கிடைக்கும். கேஷுக்கான (வேகத்துக்காகத் தரவைத் தற்காலிகமாக வைக்கும்) டிஸ்குகள் போக, ஒவ்வொரு சர்வரிலும் குறைந்தது 4 டிஸ்குகள் கேட்கும். லினக்ஸில் டிஆர்பிடி, விஎம்வேரில் விசான், விண்டோஸ், விஎம்வேர் இரண்டிலும் ஓடக்கூடிய ஸ்டார்விண்ட் ஆகியவையும் உண்டு. ப்ராக்ஸ்மாக்ஸோடு (லினக்ஸ் அடிப்படையில் விஎம்களை ஓட்டும் மென்பொருள்) வரும் செஃப் என்ற பகிர் சேமிப்பக மென்பொருள் 2 சர்வருக்கானது அல்ல, 3 வேண்டும்.

இதில் இறங்குமுன் உங்கள் முதலாளியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: எவ்வளவு நேரம் வேலை நின்றால் பரவாயில்லை? கடைசி எத்தனை நிமிடத் தரவு போனால் தாங்கும்? ‘அரை மணி நேரம் நிற்கலாம், 5 நிமிடத் தரவைத் திரும்ப அடித்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், உங்களுக்குப் பகிர் சேமிப்பகமே தேவையில்லை, ரெப்ளிகேஷன் (குறித்த இடைவெளியில் மற்ற சர்வருக்கு நகல் அனுப்புவது) போதும். விண்டோஸ் சர்வரின் ஹைப்பர்-வி ரெப்ளிகா ஸ்டாண்டர்டு பதிப்பிலேயே உண்டு. 30 வினாடி, 5 நிமிடம், 15 நிமிடம் என மூன்று இடைவெளிகள் தரும். ப்ராக்ஸ்மாக்ஸில் இசட்எஃப்எஸ் (ஒரு ஃபைல் சிஸ்டம்) ரெப்ளிகேஷன் இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும், 1 நிமிடம்வரை குறைக்கலாம். இரு சர்வரிலும் ஸ்டோரேஜின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். சாதாரண 1 ஜிகாபிட் இணைப்பே இதற்குப் போதும். 6 விஎம் அளவில் எங்கள் பரிந்துரை பெரும்பாலும் இதுதான். கீழே வரும் தலைவலிகளில் பாதி இதில் கிடையாது.

கே: 2 சர்வர் அமைப்பில் ‘விட்னெஸ்’ என்று மூன்றாவதாக ஒன்று கேட்கிறார்கள். அது எதற்கு? அதையும் ஒரு விஎம்மாக அதே சர்வரில் போட்டுவிடலாமா?

போடக்கூடாது. காரணம் இதோ.

இரண்டு சர்வருக்கும் நடுவே உள்ள கேபிள் மட்டும் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே உயிரோடு இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ‘மற்றது செத்துவிட்டது’ என்று நினைக்கிறது. ஒரே விஎம்மை இரண்டும் கிளப்பி, இரண்டும் தனித்தனியே எழுத ஆரம்பிக்கும். பில் எண் 501 இங்கே ஒரு வாடிக்கையாளருக்கும் அங்கே வேறொருவருக்கும் போகும். இதுதான் ஸ்ப்ளிட்-பிரெய்ன். கேபிளைத் திரும்பச் சொருகினாலும் இரண்டு பிரதிகளையும் கலந்து ஒன்றாக்க எந்த மென்பொருளாலும் முடியாது. ஒரு பக்கத்தைத் தூக்கி எறிந்தாக வேண்டும். எறியும் முன் அந்தப் பக்கத்தை முழுசாக வேறு டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். விடுபட்ட பதிவுகளைக் கையால் ஏற்ற அது ஒன்றுதான் ஆதாரம்.

ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு ஓட்டு; விட்னெஸ் என்ற மூன்றாவது ஓட்டும் இருந்தால் இது நடக்காது. விட்னெஸைத் தொடர்புகொள்ள முடிந்த பக்கத்துக்கு 2 ஓட்டு, மற்றதற்கு 1. ஒற்றை ஓட்டுக்காரர் எழுதுவதை நிறுத்திவிடுவார். விட்னெஸை அதே கிளஸ்டருக்குள் (சேர்ந்து இயங்கும் சர்வர் குழு) விஎம்மாக வைத்தால், அது ஓடும் சர்வர் விழும்போது 2 ஓட்டு ஒன்றாகப் போய்விடும். நன்றாக இருக்கும் சர்வரும் சேர்ந்து நின்றுவிடும்.

விட்னெஸுக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் என்றால் கியூடிவைஸ் என்ற ஓட்டு தரும் நிரல்: டெபியன் லினக்ஸ் ஓடும் ஏதாவது ஒரு சின்னக் கணினி, ராஸ்பெர்ரி பை கூடப் போதும். விண்டோஸில் வேறொரு கணினியின் ஷேர் ஃபோல்டர் அல்லது அஷூர் கிளவுட் விட்னெஸ் வைக்கலாம். 2019 பதிப்பு முதல், அதற்கு ஒத்துப்போகும் ரௌட்டரில் சொருகிய யுஎஸ்பி டிரைவும் ஏற்கப்படும். விசானின் 2 சர்வர் அமைப்பில் விட்னெஸ் வேறு ஊரில் இருக்கலாம்; போய்வரும் தாமதம் 500 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் சரி.

நிறுவியதும் சோதிக்கும்போது பலர் பவர் பட்டனை மட்டும் அமுக்கிப் பார்க்கிறார்கள். அது சுலபமான தேர்வு. நடுவில் உள்ள கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், பிறகு ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். ஹார்ட்பீட் (சர்வர்கள் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று அனுப்பிக்கொள்ளும் சிக்னல்) இரண்டு தனி வழிகளில் போக வேண்டும்: ஒன்று நேரடிக் கேபிள், மற்றது ஸ்விட்ச் வழி.

கே: 3 சர்வர்களில் செஃப். ஒவ்வொன்றிலும் 1.92 டெராபைட் எஸ்எஸ்டி 4. மூன்று பிரதி. இப்போது 70 சதவீதம் நிரம்பியிருக்கிறது, இன்னும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. எவ்வளவு வரை போகலாம்?

நீங்கள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

மொத்தக் கொள்ளளவு 23.04 டெராபைட். மூன்று பிரதி என்பதால் காகிதக் கணக்கில் 7.68. செஃபின் இயல்பான எல்லைகள் மூன்று: 85 சதவீதத்தில் எச்சரிக்கை, 90-ல் அந்த டிஸ்குக்குள் மறுகட்டமைப்புத் தரவை (போன பிரதிக்குப் பதிலாக உருவாக்கும் பிரதியை) ஏற்றுவது நிற்கும், 95-ல் எழுதுவதே நிற்கும். இப்போது ஒரு டிஸ்க் போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு பிரதியும் வெவ்வேறு சர்வரில் இருக்க வேண்டும் என்பது விதி. உங்களிடம் 3 சர்வர், 3 பிரதி. ஆகவே போன டிஸ்கின் பங்கு வேறு சர்வருக்குப் போக முடியாது, அதே சர்வரின் மீதி 3 டிஸ்குகளில்தான் ஏற வேண்டும். 70-ஐ 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 93.3. அதாவது 90-ஐத் தொட்டதும் மறுகட்டமைப்பு பாதியில் நின்றுவிடும். டிஸ்குகள் ஒருபோதும் சமமாக நிரம்புவதில்லை என்பதால் ஏதோ ஒன்று 95-ஐயும் தொட்டுவிடலாம். அப்படித் தொட்டால் எல்லா விஎம்களும் உறையும்.

பாதுகாப்பான எல்லை: 85-ஐ 3-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 63.75 சதவீதம். சமமின்மைக்கு இடம் விட்டு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள்; சுமார் 4.6 டெராபைட். 23 டெராபைட் வாங்கி 4.6 பயன்படுத்துவது கசக்கத்தான் செய்யும், ஆனால் கணக்கு அதுதான். சர்வருக்கு 2 டிஸ்க் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதே எல்லை 42 சதவீதம்! அதனால்தான் பெரிய டிஸ்க் இரண்டைவிடச் சின்ன டிஸ்க் ஆறு மேல்.

முழு சர்வரே போனால் இந்தச் சிக்கல் வராது. ஏற்ற வேறு இடமே இல்லாததால், மீதி இரண்டு பிரதிகளோடு அப்படியே ஓடும்.

உடனே செய்ய வேண்டியது: பழைய ஸ்னாப்ஷாட்களை (விஎம்மின் முந்தைய நிலைகளின் பதிவுகளை) அழியுங்கள். ஒவ்வொரு விஎம் டிஸ்கிலும் டிஸ்கார்டு விருப்பம் போட்டு, விஎம்முக்குள் டிரிம் (காலியான இடத்தைத் திருப்பித் தரும் கட்டளை) ஓட்டுங்கள்; விஎம்முக்குள் அழித்த இடம் செஃபுக்குத் தெரியாமல் கிடப்பதே பல இடங்களில் பாதி நெருக்கடி. சர்வருக்கு ஒரு டிஸ்க் கூட்ட முடிந்தால் கூட்டுங்கள். அதுவரை டிஸ்க் ஏதாவது போனால், 10 நிமிடத்துக்குள் ‘நோ-அவுட்’ (மறுகட்டமைப்பைத் தொடங்காதே) கொடியைப் போடுங்கள். 600 வினாடி கழிந்தால் செஃப் தானாக மறுகட்டமைப்பைத் தொடங்கிவிடும். புது டிஸ்க் மாட்டியதும் கொடியை எடுத்துவிட மறக்கக்கூடாது. இடம் மிச்சம் பிடிக்கப் பிரதிகளை 2 ஆக்கி, எழுதத் தேவையான குறைந்தபட்சப் பிரதியை 1 ஆக்கும் யோசனை மட்டும் வேண்டாம். ஒற்றைப் பிரதியில் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த டிஸ்கும் போனால் தரவு போனதுதான்.

கே: பெரிய ஃபைல் காப்பி செய்தால் வேகம் நன்றாக இருக்கிறது. ஆனால் டேட்டாபேஸ் விஎம் தவழ்கிறது. டெஸ்க்டாப் வகை எஸ்எஸ்டிதான் போட்டிருக்கிறோம்.

கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. டேட்டாபேஸ் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ‘நிரந்தரமாக எழுதிவிட்டாயா?’ என்று கேட்டுக் காத்திருக்கும். சர்வர் வகை எஸ்எஸ்டியில் மின்சாரம் போனாலும் காப்பாற்றும் கெபாசிட்டர்கள் உண்டு. அதனால் தரவு அதன் மெமரிக்கு வந்தவுடனேயே ‘ஆயிற்று’ என்று நேர்மையாகச் சொல்லலாம். டெஸ்க்டாப் வகை, ஃப்ளாஷில் இறக்கி முடித்துத்தான் சொல்ல முடியும். ஒருமுறை எழுத 2 மில்லிசெகண்டு ஆனால், ஒன்றன்பின் ஒன்றாக வினாடிக்கு 500 முறை எழுதலாம், அவ்வளவுதான். பெரிய ஃபைல் காப்பியில் இந்தக் காத்திருப்பு தெரியாது.

உறுதி செய்ய எஃப்ஐஓ என்ற டிஸ்க் வேகச் சோதனைக் கருவியில் 4 கிலோபைட் பிளாக், கியூ ஆழம் 1 (ஒரு நேரத்தில் ஒரே வேண்டுகோள்), ஒரே ஜாப், ஒவ்வொரு முறை எழுதிய பின்னும் எஃப்சிங்க் (நிரந்தரமாக எழுது என்ற கட்டளை) என்று ஓட்டுங்கள். நேரடியாக டிஸ்க் மீது ஓட்டினால் அதில் உள்ள தரவு அழியும் என்பதால் ஒரு ஃபைல் மீது ஓட்டுங்கள். வினாடிக்குச் சில நூறு முறை என்று வந்தால் டிஸ்க்தான் குற்றவாளி. பல ஆயிரம் வந்தால் நெட்வொர்க்கைப் பாருங்கள். விஎம் டிஸ்கின் கேஷை ‘அன்சேஃப்’ என்று மாற்றினால் வேகம் பறக்கும், உண்மை. மின்சாரம் போகும் நாளில் டேட்டாபேஸும் சேர்ந்து பறக்கும்.

கே: சர்வரோடு வந்த ரெய்டு கார்டை (பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் கார்டு) பயன்படுத்தலாமா?

டிஆர்பிடி, ஸ்டார்விண்ட் என்றால் தாராளமாக. கீழே ரெய்டு இருப்பது நல்லதே. செஃப், இசட்எஃப்எஸ், ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்ட் என்றால் கூடாது. இவை டிஸ்கை நேரடியாகப் பார்க்க வேண்டும். கார்டை எச்பிஏ நிலைக்கு (டிஸ்குகளை அப்படியே காட்டும் நிலை) மாற்றுங்கள். ஒவ்வொரு டிஸ்கையும் தனித்தனி ரெய்டு-0 ஆக்கிக் காட்டும் குறுக்குவழி பல கார்டுகளில் டிஸ்கின் ‘ஸ்மார்ட்’ (உடல்நிலை) தகவலை மறைத்துவிடும். டிஸ்க் மாற்றும் நேரத்தில் கார்டின் மெனுவுக்குள் போய் அல்லாட வேண்டியிருக்கும்.

கே: 10 ஜிகாபிட் ஸ்விட்ச் கட்டாயமா?

10 ஜிகாபிட் வேண்டும், ஸ்விட்ச் வேண்டாம். 2 சர்வர் என்றால் கார்டிலிருந்து கார்டுக்கு நேரடிக் கேபிள். 3 என்றால் ஒவ்வொன்றிலும் இரண்டு போர்ட் உள்ள கார்டு போட்டு முக்கோணமாக இணைக்கலாம். 1 ஜிகாபிட்டில் நடைமுறையில் கிடைப்பது வினாடிக்குச் சுமார் 110 மெகாபைட். 4 டெராபைட்டை மறுபடி ஒத்திசைக்க 10 மணி நேரம், அதுவும் வேறு வேலையே இல்லாவிட்டால். கிளஸ்டரின் ஹார்ட்பீட்டை மட்டும் தனி 1 ஜிகாபிட் வழியில் விடுங்கள். ஒத்திசைவு நெரிசலில் ஹார்ட்பீட் தாமதமானால், நல்ல சர்வரையே செத்ததாக நினைத்து மறுதொடக்கம் செய்துவிடும்.

ஜம்போ ஃப்ரேம் (பெரிய நெட்வொர்க் பாக்கெட்) வைத்தால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) 9000 என்பது வழி முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் 1500 இருந்தாலும் சாதாரணப் பிங் போகும், கிளஸ்டர் பச்சையாகத் தெரியும், ஒத்திசைவு மட்டும் தொங்கும். ‘துண்டாக்காதே’ விருப்பத்தோடு 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து சரியாக 9000 வரும்.

கே: இரண்டு பக்கமும் தரவு இருக்கும்போது பேக்கப் எதற்கு?

யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு பக்கமும் அதே நொடியில் அழியும். ரான்சம்வேரும் அப்படியே. பேக்கப் கிளஸ்டருக்கு வெளியே, வேறு கடவுச்சொல்லோடு இருக்கட்டும்.

கே: நீண்ட மின்வெட்டில் இரண்டு சர்வரும் அணைந்துவிட்டன. மின்சாரம் வந்து இரண்டும் எழுந்தன, ஆனால் வால்யூம் திறக்க மறுக்கிறது. ‘ஃபோர்ஸ்’ கொடுக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். எந்தப் பக்கத் தரவு புதியது என்று மென்பொருளுக்கு உறுதியாகத் தெரியவில்லை, அதனால் உங்களைக் கேட்கிறது. கடைசியாக அணைந்த சர்வரில்தான் புதிய தரவு இருக்கும். இரண்டின் சிஸ்டம் லாக்கையும், யுபிஎஸ் லாக்கையும் திறந்து கடைசி நேரத்தைப் பாருங்கள். இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓடுகிறதா என்பதையும் சேர்த்தே பாருங்கள். எது என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்தை மூலமாக அறிவித்து, மற்றதை அதிலிருந்து ஒத்திசைக்க விடுங்கள். தவறான பக்கத்துக்கு ஃபோர்ஸ் கொடுத்தால் பழைய தரவு புதியதன் மேல் ஏறும்.

அடுத்த முறைக்கு: சர்வருக்கு ஒரு யுபிஎஸ் எனத் தனித்தனியாக வையுங்கள், ஸ்விட்சையும் விட்னெஸையும் மறக்காமல் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். பேட்டரியில் 10 நிமிடம் மிச்சமிருக்கும்போதே தானாக அணைக்கும் வரிசை தொடங்க வேண்டும். முதலில் விஎம்கள், பிறகு ஒரு சர்வர், கடைசியாக மற்றது. எழுப்பும்போது இதன் தலைகீழ் வரிசை. எது கடைசி என்று சர்வரின் முன்பக்கத்திலேயே ஒரு லேபிள் ஒட்டிவிடுங்கள். மின்சாரம் திரும்பும் நேரத்தில் அங்கே இருக்கப்போவது நீங்களாக இல்லாமலும் போகலாம்.