‘லிம்பர் அப்’, ‘வொர்க் அவுட் த கிங்க்ஸ்’: வித்தியாசம் என்ன?

இரண்டுமே இறுகிக் கிடக்கும் தசையை மெல்ல அசைத்துத் தளர்த்துவதைச் சொல்லும் ஆங்கிலப் பேச்சு வழக்குகள். ஆனால் சொல்லும் நேரம் வேறு.

‘லிம்பர்’ என்றால் எளிதாக வளையக்கூடியது. ஓடுவதற்கோ ஆடுவதற்கோ முன்னால் கை, காலை ஆட்டி உடலைத் தயார் செய்வதுதான் ‘லிம்பர் அப்’. இதில் வரும் ‘அப்’புக்கு மேலே என்று பொருள் இல்லை, ‘வார்ம் அப்’பில் இருப்பதுபோல, தயாராகும் அளவுக்கு என்ற பொருள். தசை சூடானால் எளிதாக நீளும். மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் வைத்து இளக்குகிறோமே, கிட்டத்தட்ட அப்படித்தான்.

‘கிங்க்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். கயிற்றில் விழும் முறுக்கு, சுருக்கு என்பது அதன் பழைய பொருள். தோட்டத்து ஹோஸ் பைப் ஓரிடத்தில் மடிந்து தண்ணீர் நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மடிப்புதான் கிங்க். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து கழுத்து பிடித்துக்கொண்டால், மெல்லத் திருப்பி, நீவி அந்த முறுக்கை எடுப்பது ‘வொர்க் அவுட் த கிங்க்ஸ்’. அப்புறம் புதிய திட்டத்தில் இருக்கும் சின்னச் சின்னக் கோளாறுகளைச் சரிசெய்வதற்கும் இதையே சொல்வார்கள்.

தளர்த்துவது என்ற பொருளில் வரும் ‘லூசன் அப்’ இந்த இரண்டு இடத்திலும் பொருந்தும். பதற்றமாக இருப்பவரிடம் சொன்னால், கொஞ்சம் இயல்பாக இருங்கள் என்று பொருள்.

‘வொர்க் அவுட்’ என்று வருவதால் இதை ஜிம்மில் செய்யும் உடற்பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதை மட்டுமே குறிக்கிறது.