‘கெட்டிக்காரி, யாரிடமும் வாய் திறந்ததில்லை’

அன்புள்ள ஆலோசகருக்கு,

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 51. பெயரைப் போட வேண்டாம்.

கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகன், சென்ற ஆனியில் விடுதி அறையிலேயே உயிரை விட்டுவிட்டான். 19 வயது. நான் அவனுக்கு என்ன குறை வைத்தேன்? கேட்டதும் லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். வட்டிக்கு வாங்கித்தான் ஃபீஸ் கட்டினேன். அதை அவனிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இரண்டு நாள் முன்பு போனில் பேசினான். அரியர் எத்தனை என்று கேட்டேன். மூன்று என்றான். எழுதிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினேனோ என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

காரியத்தன்று மச்சினன், “நீங்கள்தான் பையனை நெருக்கினீர்கள்” என்று எல்லோர் முன்பும் சொன்னார். கல்லூரியிலிருந்து ஒருவரும் வரவில்லை. பெட்டியை ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினார்கள். காவல் நிலையத்துக்கு மூன்று முறை அலைந்தேன், குற்றவாளியைப் போல் உட்கார்ந்திருந்தேன். மனைவி என்னிடம் பேசுவது சாப்பிடக் கூப்பிடுவதோடு சரி. ஊரில் நெஞ்சுவலி என்றே சொல்லியிருக்கிறோம், பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமல்லவா. ஒன்பதாவது படிக்கிற சின்னவளிடமும் அப்படியே சொல்லச் சொன்னோம். கெட்டிக்காரி, இன்றுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. மச்சினன் வீட்டுக்குத்தான் உண்மை தெரியும், அவர் எங்கே சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? கடையை விற்றாவது பார்த்திருப்பேனே. மூன்று அரியருக்கா உயிரை விடுவார்கள்? கேட்டதும் லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன், ஐயா.

அடுத்த மாதம் முதல் வருஷத் திதி. துர்மரணத்துக்குத் திதி கிடையாது என்கிறார் பெரியப்பா. கொடுக்கலாமா, கூடாதா?

— ஒரு தந்தை

அன்புள்ள ஐயா,

கொடுங்கள். அவன் உங்கள் மகன். அதைத் தாண்டி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

லேப்டாப் உங்கள் கடிதத்தில் இரண்டு முறை வருகிறது. ஏதோ ஒரு நீதிபதியின் முன் நின்று சாட்சி சொல்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நீதிபதியும் நீங்கள்தான். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. வெளியே தெரியாமல் நாள்கணக்கில் உள்ளே சேர்ந்தவை பல இருக்கும். கடைசியாக நடந்தது மட்டும்தான் மிஞ்சியவர்களின் கண்ணில் படும். அரியர் பற்றி ஒரு தகப்பன் கேட்ட கேள்வி ஒரு பிள்ளையைக் கொன்றுவிடாது. காவல் நிலையத்தில் பட்டதும் அப்படித்தான். இயற்கைக்கு மாறான மரணம் எதுவானாலும் விசாரணை நடத்தியாக வேண்டும் என்பது சட்டம். அங்கே நீங்கள் குற்றவாளியாக உட்கார்ந்திருக்கவில்லை.

ஆனால், மச்சினனுக்கும் திதிக்கும் இடையே போகிற போக்கில் சின்னவளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதில் உங்கள் பக்கம் நிற்கவும் முடியவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று போய்விட்ட மகனைக் கேட்கிறீர்கள். அதே வீட்டில் இன்னொரு பிள்ளையிடம் சொல்லாதே என்று சொல்லிவைத்து, சொல்லாமல் இருப்பதற்குக் கெட்டிக்காரி என்று பட்டமும் கொடுத்திருக்கிறீர்கள். எட்டோ பத்தோ வருடம் கழித்து வரப்போகிற சம்பந்திக்காக அவள் வாயை இன்றே கட்டிவிட்டீர்கள்.

அவளுடைய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். பக்கத்து பெஞ்சுப் பெண், “உன் அண்ணனுக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்கிறாள். நெஞ்சுவலி என்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்று அடுத்த கேள்வி வருகிறது. ஒரு பொய்க்கு இன்னொன்றாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். இங்கே அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. அவள் எப்போது அழுவாள்? அண்ணன் கடைசியாக அவளிடம் என்ன பேசினான் என்று உங்களில் ஒருவராவது கேட்டதுண்டா? இப்படி இழந்த பிள்ளைகள் பலர், தமக்கு ஏதோ தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டோம் என்றோ, அன்று சண்டை போட்டோம் என்றோ தனியாக மருகிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் போன் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களே, அதுபோல அவளுக்கும் ஒன்று இருக்கலாம். உங்களுக்காவது எனக்கு எழுத முடிந்தது.

உடன்பிறந்தவரைத் தற்கொலையில் இழந்த பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் பயம் ஊரைப் பற்றியதாக இருக்கிறது, அதை வீட்டுப் பக்கம் திருப்பத்தான் சொல்கிறேன். அவளிடம் பேசினால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று தயங்க வேண்டாம். கேட்பதால் அது வருவதில்லை. “உனக்கும் வாழப் பிடிக்காமல் போகிறதா?” என்று நேராகவே கேட்கலாம்.

திதிக்கு முன்பே, மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: “உன்னைப் பொய் சொல்லவைத்தது எங்கள் பயம். உன் மேல் ஒரு தப்பும் இல்லை.” இனி யாராவது கேட்டால் உண்மையைச் சொல்வதா, ‘அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை’ என்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஊருக்குத் தெரிந்துவிட்டால் தெரிந்துவிட்டுப் போகட்டும். மச்சினனைப் பார்த்துப் பயப்படுவதும் அன்றோடு தீரும்.

மத்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416-இலும் (டெலி மனஸ்), தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-இலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். வாழப் பிடிக்கவில்லையா என்ற கேள்விக்கு அவள் ஆம் என்றாலோ, தூக்கமும் சாப்பாடும் குறைந்திருந்தாலோ, அன்றே அழைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும்கூட அந்த எண்கள்தான்.

முதல் நாள் அவள், “ஒன்றுமில்லை அப்பா” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பத்து மாதத்துக்கு மேல் பழகிய பழக்கம் அது. மறுநாளும் கடையைக் கொஞ்சம் முன்னதாகவே சாத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள்.