முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறார்களே, நம்பலாமா?

கேள்வி (சென்னிமலை): கைத்தறிப் போர்வை விற்கும் எங்கள் இணையதளம் கூகுளில் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. மாதம் 15,000 ரூபாய் கொடுத்தால் மூன்றே மாதத்தில் முதலிடம், உத்தரவாதம் என்கிறது ஓர் எஸ்.இ.ஓ. (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) நிறுவனம். ஒப்படைக்கலாமா?

உத்தரவாதம் என்று சொன்னவரிடம் ஒப்படைக்காதீர்கள். கூகுளில் முதலிடத்தை யாராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. வேலை தொடங்கிப் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பதும் கூகுள் சொல்லும் கணக்குதான்.

எந்தச் சொல்லுக்கு முதலிடம் என்று அவர்களைக் கேளுங்கள். யாருமே தேடாத ஏழெட்டுச் சொல் கொண்ட வரிக்கு முதலிடம் பிடிப்பது பெரிய வேலையில்லை. உங்கள் கடையின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் நீங்கள்தான் முதலில் வருவீர்கள். அதையும் மாத அறிக்கையில் வெற்றியாகக் காட்டுவார்கள். ஆகவே "கடைப்பெயர் நீங்கலாக, எந்தெந்தச் சொல்லில் எத்தனை கிளிக்" என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

மாதச் சம்பளம் பேசும் முன் ஒரு தணிக்கை அறிக்கைக்கு மட்டும் பணம் கொடுங்கள். உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுள் காட்டும் கருவியான சர்ச் கன்சோலில் அவர்களை 'ரெஸ்ட்ரிக்டெட்' பயனராகச் சேர்த்தால் போதும். எண்களைப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. வேலை தெரிந்தவர்கள் உங்கள் தளத்தைப் பற்றியே எழுதுவார்கள்: ஒரே போர்வைக்கு ஆறு நிறம், ஆறு பக்கம், ஆறிலும் ஒரே வர்ணனை, கேமராவில் எடுத்தபடியே ஏற்றிய 4 எம்.பி. படங்கள், அதனால் கைப்பேசியில் முக்கியப் படம் தெரிய 2.5 நொடிக்கு மேல் ஆவது. தளம் கட்டும்போது போட்ட, 'தேடலில் காட்டாதே' என்று கூகுளுக்குச் சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' குறியைச் சில பக்கங்களில் எடுக்க மறந்தது. இதுபோன்ற இன்னொரு குறையை நீங்களே இன்றைக்குப் பார்த்துவிடலாம். கணினியில் ஐந்து போர்வைப் பக்கங்களைத் தனித்தனி டேபில் திறந்து, மேலே டேபில் தெரியும் பெயரைப் படியுங்கள். ஐந்திலும் 'ஹோம்' என்றே இருந்தால், எந்தப் பக்கத்துக்கும் தலைப்பு எழுதப்படவில்லை. எந்தப் பக்கம் எந்தப் போர்வைக்கு என்று கூகுளுக்கு முதலில் சொல்வது அந்தத் தலைப்புதான்.

இன்னொன்று. ஆகஸ்டில் வேலையை எடுத்துக்கொண்டு, தீபாவளி மாதத்தில் ஏறிய கிளிக்கைத் தங்கள் உழைப்பு என்று காட்டுவார்கள். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருக்கிறது. சென்ற ஆண்டு தீபாவளி மாதத்தோடு ஒப்பிட்டுத் தரச் சொல்லுங்கள், சென்ற மாதத்தோடு அல்ல.

கேள்வி (திருப்பூர்): மாதம் 500 பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) தருவதாகச் சொல்கிறார்கள். நல்லதுதானே?

விலைக்கு வாங்கிய பேக்லிங்க் கூகுளின் விதிகளுக்கு எதிரானது. அமெரிக்காவின் பெரிய பல்பொருள் கடைத் தொடரான ஜே.சி.பென்னிக்கு 2011 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அவர்களுக்கு லிங்க் போடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்தபோது, ஒரு பயணப் பெட்டி வகைக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த தளம் இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்கு இறங்கியது. தங்களுக்குத் தெரியாது என்று கடை சொன்னது, எஸ்.இ.ஓ. நிறுவனத்தை நீக்கியது. ஆனாலும் தண்டனை விழுந்தது கடையின் தளத்தின்மேல்தான். உங்களுக்கும் அப்படி ஆகலாம்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால், சர்ச் கன்சோலில், கூகுள் தண்டனை விதித்திருந்தால் தெரிவிக்கும் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். அறிவிப்பு இருந்தால், முடிந்த லிங்க்குகளை எடுக்கச் சொல்லி, எடுக்க முடியாதவற்றை 'டிஸவோ' (இவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று கூகுளிடம் சொல்லும்) பட்டியலில் சேர்த்து, பிறகு மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். மாதம் நூறு கட்டுரையை ஏ.ஐ. கருவியால் எழுதிக் குவிக்கிறேன் என்பவர்களும் இதே ரகம். தேடல் வரிசைக்காகவே பயனற்ற பக்கங்களைக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது.

கேள்வி (மதுரை): பழைய நிறுவனத்தை நிறுத்திவிட்டோம். பாஸ்வேர்ட் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் டொமைன் (உங்கள் இணையதள முகவரி) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருந்தால் கவலை இல்லை. டொமைன் கணக்குக்குள் போய், சர்ச் கன்சோல் தரும் டி.எக்ஸ்.டி. பதிவை (ஒரு வரிக் குறியீடு) டி.என்.எஸ். எனும் முகவரி அமைப்புப் பகுதியில் சேர்த்தால், அவர்கள் தயவில்லாமலே நீங்கள் உரிமையாளர் ஆகிவிடுவீர்கள். பிறகு அவர்களை நீக்குங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: பெயரை நீக்கிவிட்டு, தாங்கள்தான் உரிமையாளர் என்று காட்ட அவர்கள் உங்கள் தளத்தில் வைத்த சரிபார்ப்புக் கோப்பையோ குறியையோ அப்படியே விட்டுவிடுவார்கள். அது இருக்கும் வரை அவர்கள் மறுபடி உரிமையாளராக நுழையலாம்.

டொமைனே அவர்கள் பெயரில் இருந்தால், பணம் கட்டிய ரசீதுகளையும் ஒப்பந்தத்தையும் வைத்து எழுத்தில் கேளுங்கள். பாக்கித் தொகை ஏதேனும் இருந்தால், டொமைன் உங்கள் கணக்குக்கு மாறும் நாளில் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.