வெயில் காலத்து முட்டை: கேளுங்க, அண்ணாச்சி பதில் சொல்லுதேன்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல முட்டை சந்தேகம்தான். அதனால இந்த வாரம் வேற எதையும் எடுக்கல.

அண்ணாச்சி, நாங்க வள்ளியூர். மாசச் சாமான் வாங்கும்போதே ஒரு ட்ரே முட்டையும் வாங்கி அடுக்களை மேடையில வச்சிருவோம். பத்து நாள் கழிச்சு உடைச்சா மஞ்சக்கரு தட்டுல பரந்து ஓடுது, வெள்ளைக்கரு தண்ணியா கெடக்கு. கெட்டுப்போச்சா? ஃபிரிட்ஜ்ல வச்சா சத்து போயிரும்னு எங்க அத்தை சொல்லுதாவ. கழுவி வைக்கவா, அப்படியே வைக்கவா?

நாத்தம் இல்லன்னா கெட்டுப்போகல தாயி, முட்டைக்கு வயசாயிட்டு. ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துவாரம் 7,000லருந்து 17,000 வரைக்கும் இருக்கு, அது வழியா உள்ள இருக்க ஈரமும் கரியமில வாயுவும் நித்தம் கொஞ்சங்கொஞ்சமா வெளிய போய்க்கிட்டே இருக்கும், அது போகப்போக வெள்ளைக்கரு கெட்டியா நிக்காம இளகும், மஞ்சக்கருவ மூடியிருக்க சவ்வும் தளந்து உடைச்ச உடனே பரந்துரும். குளிர்ல இது மெதுவா நடக்கும், வெக்கையில வேகமா நடக்கும். வெளிய ஒரு நாள் இருக்க முட்டையும் ஃபிரிட்ஜ்ல ஒரு வாரம் இருந்த முட்டையும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னு கணக்குச் சொல்லுவாங்க, நம்ம பக்கம் சித்திரை வைகாசியில 38, 40 டிகிரின்னு அடிக்கும்போது அடுப்புப் பக்கத்துல வச்சா கேக்கணுமா. அதுவும் போக, கடைக்கு வர்ற முட்டை பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துலருந்து லாரியில வர்றது, நீங்க வாங்கும்போதே அதுக்குச் சில நாள் ஆயிருக்கும்.

அத்தைட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க, ஃபிரிட்ஜ்ல வச்சா சத்து எங்கயும் போகாது, நாலஞ்சு வாரம் தாங்கும். ஆனா கதவுல முட்டைக்குன்னு குழி வச்சிருக்காங்க பாருங்க, அதுல வைக்காதிய, கதவத் தெறக்க தெறக்க சூடும் குளிரும் மாறி மாறி படும். உள்தட்டுல, கூர்முனை கீழ இருக்கிற மாதிரி வைங்க. காத்து இருக்க அகலமான பக்கம் மேல இருந்தா மஞ்சக்கரு நடுவுலயே நிக்கும். ஒருவாட்டி உள்ள வச்சத வெளிய எடுத்துப் போட்டு வைக்கக் கூடாது, மேல வேத்துரும், அந்த ஈரத்தோட கிருமி துவாரம் வழியா உள்ள போயிரும்.

கழுவவே கழுவாதிய. கோழி போடும்போதே ஓட்டு மேல மெல்லிசா ஒரு பூச்சு இருக்கும், அதுதான் காவல், கழுவுனா அது போயிரும். எச்சம் ஒட்டியிருந்தா காஞ்ச துணியால தொடைங்க, ரொம்ப அழுக்குன்னா உடைக்கப் போற நேரத்துல மட்டும் கழுவிக்கிடுங்க. ஃபிரிட்ஜ் இல்லாதவங்க ட்ரே கணக்குல வாங்க வேண்டாம், பத்து பத்தா வாங்குங்க. ஈர மணல் மேல ஒரு மண்சட்டிய வச்சு, உள்ள முட்டைய அடுக்கி, வாய் மூடி, வெயில் படாத மூலையில வைக்கலாம், மணல் மட்டும் காயாம பாத்துக்கிடணும். வீட்டுக் கோழி போட்ட அன்னைக்கே ஓட்டு மேல தேங்காயெண்ணெயோ கடலெண்ணெயோ லேசா தடவி வச்சா துவாரம் அடைஞ்சு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அடை வைக்கப் போற முட்டைக்கு மட்டும் எண்ணெய் ஆகவே ஆகாது, உள்ள வளர்ற குஞ்சுக்கு காத்து போகாது.

சந்தேகம் வந்தா தண்ணியில போட்டுப் பாருங்க. படுத்துச்சுன்னா புதுசு, அடியில நட்டமா நின்னா பழசு, மிதந்தா காத்தறை ரொம்பப் பெருசாயிட்டு. மிதந்த உடனே தூரப் போட்ராதிய, தனிக் கிண்ணத்துல உடைச்சு மோந்து பாருங்க, கூமுட்டைன்னா மூக்கே சொல்லிரும். எந்த முட்டையா இருந்தாலும் குழம்புல நேரா உடைச்சு ஊத்தாம கிண்ணத்துல உடைச்சு ஊத்துறதுதான் நல்லது, ஒரு முட்டைக்காக ஒரு சட்டிக் குழம்பு போயிரக் கூடாதுல்லா.

அம்பாசமுத்திரத்துலருந்து ஒரு தம்பி: பண்ணைக் கோழிக்கு ஊசி போட்டுத்தான் தினமும் முட்டை எடுக்காங்களாம், உண்மையா? பிரவுன் கலர் முட்டைதான் சத்தா?

இல்ல தம்பி. லேயர் கோழி முட்டைக்குன்னே தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்து வளத்த இனம். 18, 20 வாரத்துல போட ஆரம்பிக்கும், வருஷத்துக்கு 300க்கு மேல போடும், நாளைக்கு 110 கிராம் கிட்ட தீவனம், லைட் போட்டு 16 மணி நேரம் வெளிச்சம், இவ்வளவுதான் ரகசியம். போடுற ஊசி நோய்த் தடுப்பூசி. நம்ம நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 போட்டாலே பெரிசு, நடுவுல அடைக்கு உக்காந்துரும், அதான் வெல கூட.

ஓட்டுக் கலர் கோழியோட இனத்தப் பொறுத்தது, பிரவுன் லேயர்னு பண்ணைக் கோழியே இருக்கு. மஞ்சக்கரு கலர் தீவனத்தப் பொறுத்தது, மக்காச்சோளமும் கீரையும் தின்னா நல்லா சிவக்கும். எந்த முட்டையானாலும் 6 கிராம் புரதம்னு வச்சுக்கிடுங்க. சத்துணவுல பிள்ளைகளுக்கு குடுக்கறதும் பண்ணை முட்டைதான், அதத் தரம் குறைஞ்சதுன்னு சொல்லிச் சொல்லி ஏழைபாழை வீட்ல கூட வாங்கப் பயப்படுதாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். கிடைக்கிற முட்டைய பிள்ளைகளுக்கு தாராளமா குடுங்க.

சங்கரன்கோவில் அக்கா ஒருத்தர்: எங்க சிறுவிடை நாட்டுக்கோழி ஒரு மாசமா ஓடு கட்டாத தோல் முட்டையா போடுது. அடை வைக்கவும் ஆசை, என்ன செய்ய?

வெக்கைதான் முதல் காரணம் அக்கா. கோழிக்கு வேர்க்காது, வாயத் தொறந்து இளைச்சுத்தான் சூட்டத் தணிக்கும், அதுல ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்புச் சத்து ரத்தத்துல குறையும், தீனியும் எடுக்காது. நிழல் குடுங்க, குளுந்த தண்ணி மாத்தி மாத்தி வைங்க, தீவனத்த காலம்பற வெயிலுக்கு முன்னாடியும் சாயங்காலமும் போடுங்க. கிளிஞ்சல நொறுக்கி ஒரு சிரட்டையில தனியா வச்சிட்டா அதுவா வேணுங்கிறத கொத்திக்கிடும். அப்பவும் சரியாகலன்னா நோய் இருக்கலாம், கால்நடை ஆஸ்பத்திரியில காட்டுங்க, திருநெல்வேலிப் பக்கம் வந்தா ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

அடைக்கு ஒரு வாரத்துக்குள்ள போட்ட, கழுவாத முட்டையா பத்துப் பன்னெண்டு போதும். ஏழாம் நாள் ராத்திரி இருட்டுல செல்போன் டார்ச்ச அகலமான முனையில ஒட்டி வச்சுப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி செவப்பு நரம்பு ஓடுனா கரு கூடியிருக்கு, வெளிச்சம் வெறுமனே ஊடுருவுனா எடுத்துருங்க. 21 நாள்ல பொரிக்கும். ஆனா கத்தரி வெயில் முடியட்டும், இப்ப வச்சா பாதி வீணாகும்.

தென்காசியிலருந்து: அவிச்ச முட்டை உரிக்கும்போது பிஞ்சு பிஞ்சு வருது, மஞ்சக்கருவ சுத்தி பச்சையா இருக்கு.

பிஞ்சு வந்தா முட்டை ரொம்பப் புதுசுன்னு அர்த்தம், அவிக்கிறதுக்கு ஒரு வாரம் பழசுதான் லாயக்கு. பச்சை வளையம் கூட நேரம் வெந்ததால வர்றது, திங்கலாம், ஒண்ணும் செய்யாது. தண்ணி கொதிச்சதும் முட்டைய மெதுவா எறக்கி பத்துப் பதினொரு நிமிஷத்துல எடுத்து பச்சத்தண்ணியில போட்டா ரெண்டு பிரச்சனையும் குறையும். அவிச்சது மிச்சம் இருந்தா ஓட்டோடயே ஃபிரிட்ஜ்ல வைங்க, ஒரு வாரம் இருக்கும், உரிச்சத அன்னைக்கே குழம்புல போட்ருங்க.