அடர்த்திக்கு முன்னால் ஓர் அட்டைப்பெட்டி

"ஆறாம் வகுப்பு படிக்கும் மகன் கிலோ, சென்டி, மில்லி எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான், கன அளவு, நிறை, அடர்த்தி என்று கணக்கு வந்தால் தடுமாறுகிறான். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் அக்கா மகளும் இப்படித்தான் இருந்தாள். ஒரு லிட்டர் எவ்வளவு என்றால் "ஆயிரம் மில்லி லிட்டர்" என்பாள். ஆயிரம் மில்லி லிட்டர் எவ்வளவு என்றால் "ஒரு லிட்டர்". செக்குமாடு மாதிரி அதே வட்டம்.

ஹெக்டோ, டெக்கா என்று நீளும் வாய்ப்பாட்டை முதலில் மூட்டை கட்டி வையுங்கள். கிலோ, சென்டி, மில்லி மூன்றும் போதும். பிறகு கத்தரிக்கோலையும் அளவுகோலையும் எடுத்து, ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. உள்ள அட்டைப்பெட்டி ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள். மேல்மூடி வேண்டாம். பல அளவுகோல்களில் சுழியம் விளிம்பில் இருக்காது, சற்று உள்ளே தள்ளித்தான் இருக்கும். அதை அவனே கண்டுபிடிக்கட்டும்.

பெட்டி முடிந்ததும், அதற்குள் 1 செ.மீ. கனசதுரங்கள் எத்தனை அடங்கும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். அக்கா மகள் "முப்பது" என்றாள். மூன்று பக்கமும் பத்துப் பத்து, கூட்டிவிட்டாள். அடித்தளத்தில் கட்டம் போட்டு எண்ணினோம்: ஒரு தளத்துக்கு 100. அப்படிப் பத்துத் தளங்கள். "ஆயிரமா!" என்று அவள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றினோம். அட்டை வெளியே பிதுங்கியதால் நீர்மட்டம் விளிம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றது. "பெட்டி தொப்பை போட்டுவிட்டது மாமா" என்று காரணத்தை அவளே சொன்னாள். தராசில் அந்தத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ காட்டியது.

இது தற்செயல் இல்லை. 1795-இல் பிரான்சில் கொண்டுவந்த சட்டம், பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில் ஒரு கன செ.மீ. தூய நீரின் நிறையைத்தான் கிராம் என்றது. பிற்பாடு நீர் மிக அடர்த்தியாக இருக்கும் 4 டிகிரி செல்சியஸுக்கு அதை மாற்றினார்கள். நீளத்திலிருந்து கன அளவு, கன அளவிலிருந்து நிறை. பாடப்புத்தகங்கள் இவற்றைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்துவிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து.

அடர்த்திக்குப் போவதற்கும் அதே வரலாற்றில் வழி இருக்கிறது. 1889 முதல் 2019 வரை உலகத்தின் கிலோகிராம் என்பது பாரீசுக்கு அருகில் பூட்டிவைத்திருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை. (இப்போது பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத ஓர் எண்ணை வைத்து வரையறுக்கிறார்கள், அவன் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.) அதன் உயரமும் விட்டமும் சுமார் 39 மி.மீ.தான். அந்த அளவில் காகிதத்தைச் சுருட்டி உருளை செய்து, தண்ணீர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். அசல் உருளை, இந்தத் தண்ணீர், இரண்டும் ஒரு கிலோ! உருளையின் கன அளவு ஏறத்தாழ 46.5 கன செ.மீ. 1000 கிராமை அதனால் வகுத்தால், ஒரு கன செ.மீ.க்கு 21.5 கிராம். நீருக்கு அது 1. "ஒரே இடத்துக்குள் எவ்வளவு அடைத்திருக்கிறது" என்ற எண்தான் அடர்த்தி என்பது, சூத்திரம் எழுதாமலே புரிந்துவிடும்.

அடுத்து ஒரு கூழாங்கல். அதற்கு நீளம், அகலம் அளக்க முடியாது. அளவிடும் குவளையில் 50 மி.லி. தண்ணீர் எடுத்து, கல்லை நூலில் கட்டி மெதுவாக இறக்கினோம். நின்றுகொண்டே பார்த்தவள் 64 என்றாள். குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, நீர்ப்பரப்பு ஓரங்களில் மேலேறி வளைந்திருக்கும் வளைவின் அடிப்பகுதியைப் பார்க்கச் சொன்னேன். 62. கல்லின் கன அளவு 12 கன செ.மீ., நிறை 31 கிராம், அடர்த்தி சுமார் 2.6. முதலில் சொன்ன 64-ஐ வைத்திருந்தால் 2.2 என்று வந்திருக்கும். கண் இருக்கும் இடத்தால் விடை மாறுவதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், இடமாறு தோற்றப் பிழைக்குத் தனிப்பாடம் வேண்டாம்.

இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது என்று கட்டாயம் கேட்பான். களிமண் உருண்டை மூழ்கட்டும். அதையே கிண்ணமாக்கி மிதக்கவிடுங்கள். களிமண்ணின் அடர்த்தி மாறவில்லை, உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்த மொத்தத்தின் சராசரி அடர்த்திதான் நீரைவிடக் குறைந்தது. நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு வரி போதும்: நிலவில் அதே கல்லின் எடை ஆறில் ஒரு பங்கு, நிறை அதே 31 கிராம்.

அலகு மாற்றுவதில் தடுமாறினால் பெட்டிக்கே திரும்புங்கள். ஒரு மீட்டர் பக்கமுள்ள பெரிய பெட்டியில் இந்தச் சின்னப் பெட்டிகள் எத்தனை? ஆயிரம். அதாவது ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர், அதில் நிரம்பும் தண்ணீர் ஒரு டன். நாங்கள் கடைசியாகப் போட்ட கணக்கு, அறைக்குள் இருக்கும் காற்றின் நிறை. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 36 கன மீட்டர்; ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. பெருக்கிப் பார்த்தவள், "நாற்பத்து மூன்று கிலோவா? என்னைவிட அதிகமா?" என்று மறுபடியும் முதலிலிருந்து பெருக்கத் தொடங்கினாள்.